பூட்டிய பள்ளியும் ஓடிய கம்பெனி பஸ்ஸும்

2020 மே மாதத் தொடக்கத்தில் மத்திய அரசு நாட்டின் மாவட்டங்களைச் சிவப்பு, ஆரஞ்சு, பச்சை என்று பிரித்தபோது, தமிழ்நாட்டில் பச்சை கிடைத்த ஒரே மாவட்டம் கிருஷ்ணகிரி. மாவட்டத்தின் எல்லை நகரமான ஓசூரிலிருந்து பெங்களூரு நாற்பது கிலோமீட்டரில் இருக்கிறது; ஜூஜூவாடி சோதனைச் சாவடியைத் தாண்டினால் அத்திப்பள்ளி. இப்படியொரு எல்லையை வைத்துக்கொண்டு இந்த மாவட்டம் அதுவரை தப்பித்ததே ஆச்சரியம்தான். அந்தப் பச்சை நெடுநாள் நிலைக்கவில்லை என்பது வேறு விஷயம். மே 6 அன்று டிவிஎஸ் மோட்டார் தன் ஓசூர் ஆலையில் மீண்டும் உற்பத்தியைத் தொடங்கியது. மே 7 அன்று டாஸ்மாக் கடைகள் திறந்தன. உயர் நீதிமன்றம் மூடச் சொன்னது, உச்ச நீதிமன்றம் அதை நிறுத்திவைத்தது, பத்து நாளுக்குள் மறுபடி திறந்தன. நவம்பர் 10 அன்று பாதி இருக்கைகளோடு திரையரங்குகள். பள்ளிகள் 2021 ஜனவரி 19 அன்றுதான் திறந்தன, அதுவும் பத்தாம் வகுப்புக்கும் பன்னிரண்டாம் வகுப்புக்கும் மட்டும். ஒன்று முதல் எட்டு வரை படிப்பவர்கள் அந்த ஆண்டு நவம்பர் 1 வரை காத்திருந்தார்கள். எல்.கே.ஜி. பிள்ளைகளுக்குக் கதவு திறந்தது 2022 பிப்ரவரி 16 அன்று, மூடி ஏறத்தாழ 23 மாதம் கழித்து. கொரோனா யாரை மிகக் குறைவாக வருத்தியதோ அவர்களுக்கே எல்லாம் கடைசியில் வந்தது.

இந்த வரிசையை யாரும் உட்கார்ந்து திட்டமிட்டுப் போட்டதாகத் தெரியவில்லை. அது கேள்வி கேட்கப்பட்ட விதத்தில் இருந்து தானாக வந்தது. ஆலையைப் பற்றிப் பேச்சு வந்தபோது, திறக்காமல் எத்தனை நாள் தாங்கும் என்று கேட்டோம். மதுக்கடையைப் பற்றிப் பேச்சு வந்தபோது, கஜானா தாங்குமா என்று கேட்டோம். பள்ளியைப் பற்றிப் பேச்சு வந்தபோது மட்டும், திறப்பது பாதுகாப்பானதா என்று கேட்டோம். முதல் இரண்டு கேள்விகளுக்கும் விடை ‘தாங்காது’ என்பதில் முடியும். மூன்றாவதற்கு விடையே கிடையாது. ஒரு பெருந்தொற்றின் நடுவில் எந்த அறையையும் முழுக்கப் பாதுகாப்பானது என்று எவரும் கையெழுத்துப் போட்டுத் தர முடியாது. நிரூபிக்க முடியாத ஒன்றை நிரூபிக்கச் சொல்லி ஒரே ஒரு நிறுவனத்திடம் மட்டும் கேட்டால், அது பூட்டிக் கிடப்பதில் வியப்பில்லை. கேட்டிருக்க வேண்டியது, பள்ளியில் இல்லாத குழந்தை அந்த நேரத்தில் எங்கே இருக்கிறது, அந்த இடம் பள்ளியைவிட எவ்வளவு பாதுகாப்பானது என்பதைத்தான்.

ஓசூரை ஒட்டிய மத்திகிரியில் அந்த இடம் பெரும்பாலும் ஒரு லைன் வீடு. டைட்டன் குடியிருப்புபோல மதில் சுவரும் பூங்காவும் உள்ள பகுதிகள் இங்கே உண்டு. ஆனால் ஓசூரைச் சுற்றி ஆலைகளையும் சிறு பட்டறைகளையும் ரோஜா வளர்க்கும் பசுமைக்குடில்களையும் ஓடவைப்பவர்களில் பலர் வரிசையாகக் கட்டிய ஒற்றை அறைகளில் இருக்கிறார்கள். சுவர் பொது, குழாய் பொது, கழிப்பறை பல குடும்பங்களுக்குப் பொது. ஆலை திறந்த பிறகு அப்பா ஷிஃப்டுக்குப் போய் வருகிறார், அம்மாவும் வேலைக்குப் போகிறார். பிள்ளை வரிசையில் இருக்கும் மற்ற பிள்ளைகளோடு நாள் முழுதும் விளையாடுகிறது, பக்கத்து வீட்டில் சாப்பிடுகிறது, ஒரே கைப்பேசியை நான்கு பேரோடு தலை முட்டிக்கொண்டு பார்க்கிறது. இந்தக் குழந்தைக்குப் பள்ளி மூடப்பட்டதால் தனிமை கிடைக்கவில்லை. ஆசிரியர் பார்வையில் இல்லாத கூட்டம் கிடைத்தது. 1918 இன்ஃபுளுயென்சாவின்போது நியூயார்க் நகரம் பள்ளிகளை மூட மறுத்ததற்கு அதன் சுகாதார ஆணையர் ராயல் கோப்லாண்ட் சொன்ன காரணமும் ஏறக்குறைய இதுதான்: நகரத்தின் சுமார் பத்து லட்சம் மாணவர்களில் பெரும்பாலோர் நெரிசலான அடுக்குக் குடியிருப்புகளில் இருந்தார்கள், அந்த வீடுகளைவிடப் பள்ளியில் காற்றும் இடமும் மருத்துவக் கண்காணிப்பும் அதிகம். சிகாகோவும் திறந்தே வைத்திருந்தது. தடுப்பூசியும் இல்லை, நோய்க்குக் காரணமான கிருமி எதுவென்றுகூடத் தெரியாத காலம் அது.

இதற்கு வரும் முதல் மறுப்பு வலுவானது. பிள்ளைக்கு ஒன்றும் ஆகாது, சரி. அது வீட்டுக்குக் கொண்டுவந்து பாட்டிக்குக் கொடுத்தால்? ரமணன் லட்சுமிநாராயணன் குழுவினர் தமிழ்நாடு, ஆந்திரப் பிரதேசத் தரவுகளைக் கொண்டு 2020-இல் ‘சயின்ஸ்’ இதழில் வெளியிட்ட ஆய்வு, சுமார் 85,000 நோயாளிகளின் ஐந்தே முக்கால் லட்சம் தொடர்பாளர்களைப் பின்தொடர்ந்தது. குழந்தைகள் தம் வயதொத்தவர்களுக்குத் தொற்றைக் கடத்துகிறார்கள் என்று அது தெளிவாகக் காட்டியது. குழந்தைகளால் பரவாது என்று அப்போது சிலர் சொல்லிவந்த ஆறுதலை அது உடைத்தது. பள்ளி திறக்க வேண்டும் என்று வாதிடுபவர்கள் இந்த ஆய்வைக் கண்டும் காணாமல் போவது நேர்மையாகாது. ஆனால் அந்தத் தரவு திரட்டப்பட்டபோது பள்ளிகள் பூட்டித்தான் இருந்தன என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். பள்ளி இல்லாமலேயே பிள்ளைகள் பிள்ளைகளைச் சந்தித்துக்கொண்டிருந்தார்கள். ஸ்வீடனில் கிடைத்த சான்று இன்னும் துல்லியமானது. அங்கே 2020 வசந்தத்தில் மேல்நிலை வகுப்புகள் இணையத்துக்குப் போயின, அதற்குக் கீழ் வகுப்புகள் திறந்தே இருந்தன. இரண்டையும் ஒப்பிட்டபோது, திறந்த பள்ளிகளின் ஆசிரியர்களுக்குத் தொற்று ஏறத்தாழ இரு மடங்கு; பெற்றோருக்கோ சிறிதளவே கூடுதல். அதாவது உண்மையான ஆபத்து, நாம் கற்பனை செய்த பாட்டியைவிட, நாம் அதிகம் பேசாத ஆசிரியருக்குத்தான். அந்த ஆபத்துக்குப் பரிகாரம் பூட்டு இல்லை, தடுப்பூசி வரிசையில் ஆசிரியரை முன்னால் நிறுத்துவது. 2021 செப்டம்பரில் ஒன்பது முதல் பன்னிரண்டு வரை மீண்டும் திறந்தபோது தமிழ்நாடு அதைத்தான் வற்புறுத்தியது.

ஸ்வீடனும் கிருஷ்ணகிரியும் ஒன்றா என்று கேட்கலாம். ஒன்றில்லை. அங்கே வகுப்பில் இருக்கும் பிள்ளைகள் குறைவு, தாத்தா பாட்டி தனி வீட்டில். ஆனால் கிருஷ்ணகிரி மாவட்டமே ஒன்று இல்லையே. ஓசூர் நகரத்தில் ஆயிரக்கணக்கில் மாணவர்கள் படிக்கும் மேல்நிலைப் பள்ளியும், அஞ்செட்டி மலையில் இரண்டு ஆசிரியர்கள் சில பத்துப் பிள்ளைகளை வைத்துக்கொண்டிருக்கும் தொடக்கப் பள்ளியும் ஒரே ஆணையில் மூடப்பட்டு ஒரே ஆணைக்காகக் காத்திருந்தன. கைப்பேசிக் கோபுரம் எட்டாத அந்த மலைக் கிராமத்தில் ஊரே ஒன்றாகக் கூடி வாழ்கிறது; அங்கே பள்ளி மூடியதால் தடுக்கப்பட்ட சந்திப்பு எது என்று யோசித்தால் ஒன்றும் தோன்றவில்லை. டென்மார்க் 2020 ஏப்ரல் 15 அன்று பள்ளிகளைத் திறந்தபோது சின்னப் பிள்ளைகளில் இருந்து தொடங்கியது. நம் நாட்டில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் தலைமை இயக்குநர் பல்ராம் பார்கவா 2021 ஜூலையில் அதையே சொன்னார், தொடக்கப் பள்ளிகளை முதலில் திறக்கலாம் என்று. அதே வாரம் வெளிவந்த அந்தக் கழகத்தின் நான்காவது நாடு தழுவிய நோய் எதிர்ப்பான் ஆய்வின்படி, ஆறு முதல் ஒன்பது வயதுக் குழந்தைகளில் 57 விழுக்காட்டினருக்கு ஏற்கெனவே நோய் எதிர்ப்பான்கள் இருந்தன. பெரும்பாலான பள்ளிகள் பூட்டிக் கிடந்த ஒன்றேகால் ஆண்டில் பாதிக்கு மேற்பட்ட குழந்தைகளைத் தொற்று தேடி வந்து தொட்டுவிட்டுப் போயிருந்தது. பூட்டு எதைக் காத்தது என்று கேட்க இதைவிடப் பெரிய எண் தேவையில்லை. ஆனாலும் நாம் மேலிருந்து கீழே இறங்கினோம். தேர்வு எழுதுபவர்கள் முதலில், எழுத்துக் கற்பவர்கள் கடைசியில். நம் கல்வி எதை மதிக்கிறது என்பதற்கு இதைவிட வெளிப்படையான வாக்குமூலம் வேறில்லை.

திறந்தபோது தொற்று வரவில்லையா? வந்தது. 2021 மார்ச்சில் தஞ்சாவூர் மாவட்டம் அம்மாப்பேட்டையில் ஒரு பள்ளியில் தொடங்கி அந்த மாவட்டத்தின் பல பள்ளிகளிலும் கல்லூரிகளிலும் மாணவர்களுக்குத் தொற்று உறுதியானது. மார்ச் 22 முதல் ஒன்பது, பத்து, பதினொன்று வகுப்புகள் நிறுத்தப்பட்டன. அதற்கடுத்த இரண்டாம் அலையில், மே 21 அன்று ஒரே நாளில் 36,184 பேருக்குத் தொற்று பதிவானது. ஆக்சிஜன் படுக்கைக்காக ஆம்புலன்ஸ்கள் வரிசையில் நின்ற அந்த வாரங்களில் பள்ளியைத் திறந்து வைத்திருக்க வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். அப்போது ஊரே அடங்கியது, பள்ளியும் அடங்கியது சரி. எனக்கு உறுத்துவது இடையில் வந்த ஒரு தேதி. ஏப்ரல் 6 அன்று சட்டமன்றத் தேர்தல். எந்த வகுப்பறைகள் பிள்ளைகளுக்கு ஆபத்தானவை என்று இரண்டு வாரம் முன்பு மூடப்பட்டனவோ, அவற்றில் பல வாக்குச்சாவடிகளாயின. எந்த ஆசிரியர்களின் உடல்நலம் கருதிப் பள்ளி மூடப்பட்டதோ அவர்களே வாக்குச்சாவடி அலுவலர்களாக அங்கே விடியவிடிய உட்கார்ந்தார்கள். மாநிலம் முழுக்க 70 விழுக்காட்டுக்கு மேல் வாக்குப் பதிவானது. தேர்தல் தேவை, மறுக்கவில்லை. தேவை என்று முடிவெடுத்த பிறகு சானிடைசரும் கையுறையும் இடைவெளிக் கட்டங்களும் எப்படி ஒரே மாதத்தில் ஏற்பாடாயின என்பதைத்தான் சுட்டுகிறேன்.

எல்லைக்கு அந்தப் பக்கம் இன்னொரு சோதனை நடந்தது. 2020 ஜூன் 9 அன்று தமிழ்நாடு பத்தாம் வகுப்புத் தேர்வை ரத்து செய்து எல்லோரையும் தேர்ச்சி பெறச் செய்தது. ஜூன் 25 அன்று கர்நாடகம் அதே தேர்வைத் தொடங்கிச் சுமார் எட்டரை லட்சம் பேரை எழுத வைத்து ஜூலை முதல் வாரத்தில் முடித்தது. அத்திப்பள்ளியில் இருக்கும் பிள்ளை தேர்வு அறையில். ஓசூரில் இருக்கும் பிள்ளை வீட்டில். தேர்வை நடத்தியது பெரிய வீரம் என்று நான் கருதவில்லை, பத்தாம் வகுப்புத் தேர்வு அத்தனை முக்கியமும் இல்லை. ஆனால் முகக்கவசம், இடைவெளி, தனிப் பேருந்து என்று ஏற்பாடு செய்தால் இத்தனை லட்சம் பிள்ளைகளை ஒரு கட்டடத்துக்குள் கொண்டுவந்து வெளியே அனுப்ப ஒரு மாநில அரசால் முடியும் என்பது அந்த ஜூலையிலேயே நமக்கு எட்டிப்பார்க்கும் தூரத்தில் தெரிந்துவிட்டது. அதிலிருந்து நாம் எதையும் எடுத்துக்கொள்ளவில்லை.

ஏற்பாடு என்றதும் நாம் செய்தது என்ன? வாசலில் நெற்றிக்கு நேரே வெப்பமானி, மேசைக்குக் கிருமிநாசினி, மாணவருக்கு வைட்டமின் மாத்திரையும் துத்தநாக மாத்திரையும், அறைக்கு 25 பேர். கடைசியில் சொன்னது மட்டும் பயனுள்ளது. எருசலேமில் ஒரு மேல்நிலைப் பள்ளி 2020 மே மாதம் திறந்து பத்து நாளில் 150-க்கும் மேற்பட்ட மாணவர்களுக்கும் 25 ஊழியர்களுக்கும் தொற்று வந்த கதையைப் பள்ளி திறப்பை எதிர்ப்பவர்கள் அடிக்கடி எடுத்துக்காட்டினார்கள். முழுதாகப் படித்தால் அது வேறு பாடம் சொல்கிறது. அப்போது அங்கே வெப்ப அலை. மூன்று நாள் முகக்கவசத்துக்கு விலக்கு அளித்திருந்தார்கள். வகுப்பில் முப்பதுக்கும் மேல் பிள்ளைகள். சன்னல்களைச் சாத்திக் குளிர்சாதனம் ஓடிக்கொண்டிருந்தது. காற்று வழியாகப் பரவும் நோய் இது என்று உலக சுகாதார நிறுவனம் தெளிவாகச் சொல்ல 2021 ஆனது. அதற்குள் நாம் எத்தனையோ மேசைகளைத் துடைத்துவிட்டோம். மத்திகிரிக்காரர்களுக்கு இது புதுப் பாடமாக இருந்திருக்க வேண்டியதில்லை. கிழக்கிந்தியக் கம்பெனியின் படைக்குக் குதிரை வளர்க்க 1824-இல் தொடங்கிய கால்நடைப் பண்ணையும், கோழியின உற்பத்திக்கென்றே ஒரு கல்லூரியும் இந்த ஊரில் இருக்கின்றன. சுற்றுவட்டாரத்தில் கோழிப்பண்ணை வைத்திருக்கும் யாரைக் கேட்டாலும் சொல்வார்: கொட்டகைக்குப் பக்கச்சுவர் வைக்கக் கூடாது, வலைதான், குளிருக்குப் படுதாவை இறக்கினாலும் முழுக்க மூடக் கூடாது, சதுர அடிக்கு இத்தனை கோழிக்கு மேல் விட்டால் மூச்சு நோய் வரும். கோழிக்குத் தெரிந்த இந்தக் கணக்கு வகுப்பறைக்கு வந்து சேரவில்லை. ஓசூர் கடல்மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊர். ஆண்டில் பெரும்பகுதி சன்னலைத் திறந்து வைத்து மரத்தடியிலோ வராந்தாவிலோ பாடம் நடத்தலாம். மார்கழி, தைக் குளிரில் மட்டும்தான் கஷ்டம். தமிழ்நாடு பள்ளியைத் திறக்கத் தேர்ந்தெடுத்தது தை மாதத்தை.

மூடியதன் விலை என்ன என்பதில் இப்போது சண்டை குறைவு. அசர் அறிக்கையின்படி, தமிழ்நாட்டுக் கிராமங்களில் மூன்றாம் வகுப்புப் படித்தவர்களில் இரண்டாம் வகுப்புப் பாடத்தை வாசிக்கத் தெரிந்தவர்கள் 2018-இல் 10.2 விழுக்காடு, 2022-இல் 4.8 விழுக்காடு. முன்பே பெருமைப்பட ஒன்றுமில்லை, அதிலும் பாதி போனது. ஜான் த்ரேஸும் ரீத்திகா கெராவும் பங்கேற்று 2021 ஆகஸ்டில் 15 மாநிலங்கள், யூனியன் பிரதேசங்களில் ஏழைக் குடும்பங்களிடையே நடத்திய ஆய்வு, கிராமப்புறத்தில் முறையாக இணையவழியில் படித்த குழந்தைகள் 8 விழுக்காடுதான் என்றது. 37 விழுக்காட்டினர் எதையுமே படிக்கவில்லை. இந்தப் பகுதிக்கு இன்னொரு சுமையும் உண்டு. ஓசூர், தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் வீட்டில் தெலுங்கோ கன்னடமோ உருதோ பேசி, பள்ளியில்தான் தமிழைச் சந்திக்கும் பிள்ளைகள் ஏராளம். அரசின் கல்வித் தொலைக்காட்சி அந்தப் பிள்ளையிடம் பேசும். பிள்ளை திரும்பப் பேச முடியாது. பேசிப் பேசித்தான் மொழி வரும். இது போக, மதியச் சத்துணவுக்குப் பதில் அரிசியும் பருப்புமாகக் கொடுத்தபோது அது பிள்ளையின் தட்டுக்கு வந்ததா, குடும்பத்தின் பானைக்குப் போனதா என்ற கேள்வி இருக்கிறது. வேலையில்லாத வீட்டில் பானைக்குப் போனதைக் குறை சொல்லவும் முடியாது.

இழந்ததெல்லாம் திரும்பிவிட்டதே என்று ஒரு மறுப்பு இப்போது வருகிறது. கார்த்திக் முரளிதரனும் அபிஜித் சிங்கும் மவுரீசியோ ரொமேரோவும் தமிழ்நாட்டுக் கிராமங்களில் சுமார் 19,000 குழந்தைகளைச் சோதித்து எழுதிய ஆய்வு அதற்கு ஆதாரமாகக் காட்டப்படுகிறது. 2021 டிசம்பரில் கணக்கில் பெரும் பின்னடைவு, மொழியில் அதில் பாதியளவு. ஆறே மாதத்தில் அந்த இடைவெளியில் மூன்றில் இரண்டு பங்கு ஈடாகிவிட்டது. ஈடானதில் ஏறத்தாழ கால் பங்கு இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தால். நல்ல செய்திதான். ஆனால் அந்த ஆய்வு பார்த்தது சின்னக் குழந்தைகளை. ஒன்பதாம் வகுப்பில் நின்றுபோய் பதினைந்து வயதில் பட்டறைக்குப் போனவனையும், குழந்தைத் திருமணம் இன்றும் ஓயாத இந்த மாவட்டத்தில் பள்ளி மூடிய நாளில் மாப்பிள்ளை பார்க்கப்பட்டவளையும் எந்தத் திருத்தப் பாடமும் திரும்பக் கொண்டுவரவில்லை. இன்னொன்று: 2021 அக்டோபரில் தொடங்கிய இல்லம் தேடிக் கல்வி, ஒரு தன்னார்வலரையும் சுமார் இருபது பிள்ளைகளையும் திண்ணையிலோ கோயில் முற்றத்திலோ உட்கார வைத்த ஏற்பாடுதான். அதில் 2020 ஜூலையில் செய்ய முடியாதது என்ன இருந்தது? கர்நாடகம் 2020 ஆகஸ்டில் வித்யாகம என்ற பெயரில் ஆசிரியர்களைத் தெருவுக்கு அனுப்பி அதைத்தான் முயன்றது. அக்டோபரில் தொற்றுச் செய்திகள் வந்ததும் நிறுத்திவைத்தது. ஆலையில் தொழிலாளிக்குத் தொற்று வந்தால் அந்தப் பிரிவைச் சில நாள் மூடிவிட்டுத் திறந்தார்கள். பாடத்தில் தொற்று வந்தால் திட்டமே மூடியது.

பெற்றோர்தானே வேண்டாம் என்றார்கள்? 2020 நவம்பர் 16 அன்று உயர் வகுப்புகளைத் திறப்பதாக அறிவித்த அரசு, 9-ஆம் தேதி பள்ளிதோறும் கருத்துக் கேட்டு, 12-ஆம் தேதி அறிவிப்பைத் திரும்பப் பெற்றது. மக்களைக் கேட்டதைக் குறை சொல்ல முடியாது. கேட்ட கேள்வியைச் சொல்லலாம். தன் பிள்ளையை ஆபத்துக்கு அனுப்பச் சம்மதமா என்று தாளை நீட்டிக் கையெழுத்துக் கேட்டால் எந்தத் தாய் போடுவாள்? பின்னாளில் என்ன இழப்போம் என்பது அந்தத் தாளில் இல்லை, எத்தனை மாதம் இப்படியே போகும் என்பதும் இல்லை. த்ரேஸ் குழு ஒன்பது மாதம் கழித்துக் கேட்டபோது கிராமப்புற ஏழைப் பெற்றோரில் 97 விழுக்காட்டினர் திறக்கச் சொன்னார்கள். இரண்டு கேள்விகளுக்கும் நடுவே ஒரு கொடிய அலை வந்து போயிருந்தது என்பதையும் மறக்க வேண்டாம். அதைப் பார்த்த பிறகும் அவர்கள் சொன்ன விடை அது.

ஆகவே இதில் மாற வேண்டியது முடிவெடுக்கும் இடம். அடுத்த தொற்றில் பள்ளியை மூடும் அதிகாரம் ஒரே ஆணையாகச் சென்னையில் இருந்து வராமல், வட்ட அளவில் சுகாதாரத் துறையும் கல்வித் துறையும் பள்ளி மேலாண்மைக் குழுவும் சேர்ந்து எடுப்பதாக இருக்க வேண்டும். மூடும் ஆணையிலேயே மறுபரிசீலனைத் தேதி இருக்க வேண்டும். அதிகாரி பயப்படுவார், ஒரு பிள்ளைக்கு ஏதாவது ஆனால் தன் தலையில் விழும் என்று யாரும் திறக்க மாட்டார்கள் என்பார்கள். உண்மை, அதனால்தான் காரணம் எழுத வேண்டிய கடமை மூடுபவருக்கு இருக்க வேண்டும், திறப்பவருக்கு வேண்டாம். இது கனவும் இல்லை. 2021 செப்டம்பர் 6 அன்று ஆறு முதல் எட்டு வரை வகுப்புகளைத் திறந்த கர்நாடகம், தொற்று விகிதம் 2 விழுக்காட்டுக்குக் கீழே இருக்கும் தாலுகாக்களில் மட்டும் என்று தாலுகாவை அளவாக வைத்தது. ஓசூரில் அதே வகுப்புகள் நவம்பர் 1 வரை எட்டு வாரம் பூட்டிக் கிடந்தன. அந்த எட்டு வாரமும் ஓசூர்க்காரரும் எல்லைக்கு அந்தப் பக்கத்து ஆனேக்கல்காரரும் பொம்மசந்திராவின் ஆலைகளில் அருகருகே நின்று வேலை பார்த்துக்கொண்டிருந்தார்கள்.